சுவிட்ச் மாறலை என்று சொன்னவர்

"இப்ப எது ஓடுது, சொல்லுங்க பாப்போம்?"

எங்கள் வீட்டில் சோலார் பெட்டியை மாட்டி முடித்ததும் அவர் கேட்டது இதைத்தான். அப்பா, அம்மா, நான் மூன்று பேரையும் டிவிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு சுவிட்சைத் தட்டுவார், இன்னொன்றை இறக்குவார். மாடியிலிருந்து வருகிற கரண்டா, கம்பத்திலிருந்து வருகிற ஈபி கரண்டா, இல்லை பேட்டரியா என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அம்மா எல்லாத் தடவையும் "சோலாரு" என்றாள். அப்பா ஒரு மூச்சை இழுத்துப் பிடித்து "ஈபி" என்றார். நான் ஃபேனையும் டியூப் லைட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூன்று பேருமே தப்பு.

அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "போனதும் தெரியக் கூடாது, வந்ததும் தெரியக் கூடாது தாயி. அதான் வேல" என்றார். சின்னப் பிள்ளையிடம் பல்லாங்குழியில் ஜெயித்தவர் மாதிரி சிரித்தார்.

வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் அப்போது சின்ன வீடுகளுக்கு சோலார் போட்டவர் அவர் ஒருவர்தான். மாடியில் இரண்டு பேனல், மூலையில் ஒரு பேட்டரி, சுவரில் ஒரு பெட்டி. வெயில் இருந்தால் பெட்டி பேனலில் இருந்து எடுத்துக்கொள்ளும். வெயில் போதாவிட்டால் தானாகவே ஈபிக்கு மாறும். ஈபியும் இல்லை என்றால் பேட்டரிக்கு மாறும். யாரும் எழுந்து போய் எதையும் தொட வேண்டாம். ஊரே அவரை சோலார்க்காரர் என்றது. அவர் என் அப்பாவை அண்ணாச்சி என்றும் அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டதால் நான் சித்தப்பா என்றேன். ரத்த சொந்தம் கிடையாது. நாக்குப் பழக்கம்தான்.

ஏணியில் ஏறும் முன் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, சுவரோரம் வைப்பார். வெட்டிப் போட்ட ஒயர் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்வார். சுவரில் துளை போட்ட தூசியைத் துடைக்க எங்களிடம் துணி கேட்க மாட்டார், தோளில் கிடக்கும் துண்டே போதும். அவர் வந்துபோன வீட்டில் பெட்டி ஒன்று புதிதாக இருக்கும், மற்றபடி ஆள் வந்ததற்குத் தடமே இருக்காது. முதலில் இதை நான் சுத்தம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, மனிதரே அப்படி. தன்னிடம் எதுவும் நின்றுபோனதாக யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது அவருக்கு.

ஒருநாள் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். அம்மா சிரித்துக்கொண்டே, "எந்தக் கோயில்ல முடி எறக்குனீக? எங்களுக்கெல்லாம் பிரசாதம் கெடையாதா?" என்று கேட்டாள். "ஒரு வேண்டுதல் மதினி. நாளைக்குக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் பேனலைத் துடைத்தார். மறுநாள் ஒரு பொட்டலம் திருநீறும் நாலு வாழைப்பழமும் கொண்டு வந்து கொடுத்தார். நாங்கள் பூசிக்கொண்டோம், பழத்தையும் தின்றோம். பத்து நாள் கழித்து அம்மா பட்டாசுக் கம்பெனி வேனில் போகும்போது கூட வேலை பார்க்கிற ஒருத்தி சொன்னாள், அவருடைய அப்பா செத்துப்போய்க் காரியம் முடித்த மொட்டை அது என்று. அம்மா வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஏந்தம்பி, சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்குப் பிரசாதம் கேட்டுட்டேனே" என்று அவரிடமே போய் அழுதாள். "அதுல என்ன மதினி, நீங்க சிரிச்சீக, எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர்.

அன்றைக்கு அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது உண்மை. இன்றைக்கு நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. இடிந்து விழுகிற வீடு கொஞ்சம் மண்ணையாவது உதிர்த்துக் காட்ட வேண்டாமா?

அப்பாவுக்காகத்தான் நாங்கள் சோலார் போட்டோம். அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். வெடித்த அன்று அந்த அறையிலிருந்து உயிரோடு வந்தவர் அவர் மட்டும்தான். தோல் ஆறிவிட்டது, நுரையீரல் ஆறவில்லை. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வாங்கி வைத்தோம். யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற மெஷின். நின்றால் கூவ வேண்டிய அதன் அலாரம் எப்போதோ செத்திருந்தது. கரண்டு போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் அப்பாவின் உதடு கறுத்துவிடும்.

பெட்டி மாட்டிய புதிதில் ஈபிக்கும் பேட்டரிக்கும் மாறும்போது மெஷின் ஒரு விக்கல் விக்கியது. டிவிக்கும் ஃபேனுக்கும் ஒன்றும் ஆகாது, அதற்கு மட்டும் ஒரு விக்கல். அதைச் சரி செய்ய சித்தப்பா இரண்டு நாள் அப்பாவின் கட்டிலுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். அப்பா பேசினால் பாதி வார்த்தைதான் வெளியே வரும். மீதியை இவரே நிரப்பிக்கொண்டு, கேள்வியும் இவர், பதிலும் இவர் என்று பேசிக்கொண்டிருப்பார். வெடிக்குப் பிறகு அப்பா சிரித்து நான் பார்த்தது அந்த இரண்டு நாள்தான். இதையும் சொல்லாமல் விட்டால் என் சோறு எனக்குச் செமிக்காது.

இனி அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் சத்தம் என்றால் வேறு. பெரிதாக எங்கேயாவது ஒன்று கேட்டால் பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வருவார்கள். புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள், பிறகு போனை எடுப்பார்கள். வெடித்த பிறகு அப்பாவுக்குப் பெரிய சத்தம், சின்னச் சத்தம் என்ற பேதமே போய்விட்டது. குக்கர் விசில் அடித்தால்கூட எழுந்து ஓடப் பார்ப்பார். பேட்டரி இறங்கத் தொடங்கினால் சோலார் பெட்டி கீக் கீக் என்று கத்தும். அது கத்திய முதல் நாளே அப்பா மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாசல்வரை தவழ்ந்து போய்விட்டார். அம்மாவும் நானும் தூக்கி வந்து கிடத்தினோம். அடுத்த வாரமும் அப்படியே.

நான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சித்தப்பா, அந்தச் சத்தத்த வெட்டி விடுங்க."

அவர் பெட்டியின் மேல் கையை வைத்தார். "தாயி, இதுக்கு வாயின்னு இருக்கதே அந்தச் சத்தம் ஒண்ணுதான்" என்றார்.

"அதுக்கு வாய் வேணும்னு எங்கப்பா சாகணுமா?" என்றேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் காலண்டர் வடிவமைக்கிற வேலை. படித்த பிள்ளை என்ற திமிர் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அவர் பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு ஒயரை வெட்டி, டேப் சுற்றினார். அதற்குப் பதிலாக முகப்பில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கை வைத்தார். "இது எரிஞ்சா பேட்டரி எறங்குதுன்னு அர்த்தம் மதினி. அப்பப்ப வந்து ஒரு பார்வ பாத்துக்கோங்க" என்றார். அம்மா சரி என்றாள். வெட்டியதை அம்மா பார்க்கவில்லை, அப்போது அவள் அடுப்படியில் இருந்தாள். சத்தம் போட்ட பெட்டி சத்தம் போடாமல் ஆகிவிட்டது, அவளுக்கு அவ்வளவுதான்.

அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக அம்மா கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே வெடிக்கான காகிதக் குழாய் உருட்டத் தொடங்கினாள். வெறும் காகிதமும் பசையும்தான், மருந்து கிடையாது. உருட்டின குழாயை வெயிலில் காய வைத்தால்தான் லோடு வேன்காரன் எடுப்பான். ஈரம் இருந்தால் திருப்பி எறிந்துவிடுவான். எங்கள் ஊரில் சோலார் பேனல் வந்த நாளிலிருந்தே எல்லோருக்கும் அது காயப் போடும் இடமாகத்தான் தெரிந்தது. கண்ணாடி கொதிக்கும், மண் ஒட்டாது, ஆடு ஏறாது. மிளகாய், வத்தல், குழாய் எல்லாம் அதன் மேல்தான். அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லுவார். "அது மேல எதையும் போடாதீக, அதுக்குக் கண்ண மூடுன மாதிரி." தலையை ஆட்டிவிட்டு மறுநாள் மறுபடியும் போடுவார்கள்.

ஏன் போட மாட்டார்கள்? பேனலை மூடினால் டிவி நின்றிருந்தால், ஃபேன் நின்றிருந்தால், ஒரே நாளில் திருந்தியிருப்பார்கள். ஒன்றும் நிற்காது. பெட்டி சத்தமில்லாமல் ஈபிக்கு மாறிவிடும். வத்தல் பாட்டுக்குக் காயும், நாடகம் பாட்டுக்கு ஓடும். அவர் வேலையின் சுத்தம் அப்படி. என் அம்மாவும் பலமுறை அப்படிக் காய வைத்து ஒன்றும் ஆகாமல் தப்பித்தவள்தான்.

அது தீபாவளி சீசன். ஐப்பசி மழை. காலை ஒன்பது மணி முதல் சாயங்காலம்வரை பராமரிப்புக்காக ஈபி கரண்டு கிடையாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மாதம் ஒருமுறை வருவதுதான். சோலார் இருக்கிறதே என்று நான் வேலைக்குப் போய்விட்டேன். காலையில் தூறல் விட்டு நல்ல வெயில் அடித்தது. மாடித் தரை முழுக்க ஈரம். சாயங்காலம் வேன் வரும். அம்மா பேனல் இரண்டின் மேலும் சாக்கை விரித்து, நனைந்த குழாய்களைப் பரப்பிவிட்டு, கீழே இறங்கி, கொல்லைப்புறக் கொட்டகையில் உட்கார்ந்து மீதியை உருட்டத் தொடங்கினாள்.

ஈபி போயிற்று. பேனல் மூடிக் கிடந்தது. பெட்டி, தான் செய்ய வேண்டியதை ஒரு குறையும் இல்லாமல் செய்தது, பேட்டரிக்கு மாறியது. மெஷின் விக்கக்கூட இல்லை. நாலு மணி நேரம் ஓடியிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். பார்க்க ஆள் இல்லை. கத்த அதற்கு வாயும் இல்லை. ஒன்றரை மணிக்குக் கஞ்சியோடு உள்ளே போன அம்மா, ஃபேன் நின்றிருப்பதைப் பார்த்த பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள்.

எனக்குப் போன் வந்து, கூட வேலை பார்க்கிறவர் வண்டியில் வந்து இறங்கும்போது வாசலில் கூட்டம். உள்ளே போக வழியில்லாமல் நான் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். வெளிப்படியில் சித்தப்பா இறங்கி வந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்தவரை யாரோ கூட்டி வந்திருக்கிறார்கள். தோளில் சாக்கு மூட்டை. காகிதக் குழாய்கள் முனை நீட்டிக்கொண்டு தெரிந்தன. கொட்டகையில் மற்ற மூட்டைகளோடு அதையும் சேர்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். பேனல் மேல் என்ன கிடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே போனோம். அம்மா அவரைக் கண்டதும் எழுந்தாள். "நிக்காதுன்னு நீதான சொன்ன? ஏன்டா நின்னுச்சு?" என்று கேட்டாள். அதுவரை ஒருநாளும் அவரை ஒருமையில் பேசியவள் இல்லை.

"சுவிட்சு மாறல மதினி. ஈபி போனப்ப பேட்டரிக்கு மாறியிருக்கணும். மாறல. ஏந்தப்பு" என்றார்.

அத்தனை பேர் முன்னால் சொன்னார். அந்த மனிதர் வாழ்நாளில் எதையாவது பெருமையாகச் சொன்னார் என்றால் அது அந்தச் சுவிட்சு ஒன்றைத்தான். அது பொய்த்தது என்று அவர் வாயால் அவரே சொன்னார்.

அம்மா வாசலுக்கு ஓடி இரண்டு கையிலும் மண்ணை வாரி வந்து அவர் மேல் தூற்றினாள். "நீ வெளங்க மாட்டடா. ஒங்குடும்பம் நாசமாப் போகும்" என்றாள். மண் அவர் தலையில் விழுந்தது, சட்டைப் பையில் விழுந்தது. அவர் தட்டிவிடக்கூட இல்லை. நான் சுவரோரம் நின்றிருந்தேன். குழாய் மூட்டையும் எனக்குத் தெரியும், வெட்டின ஒயரும் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இரண்டும் தெரிந்த ஆட்கள் அவரும் நானும்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். முடிந்தது. அம்மா கொஞ்சம் தேறட்டும் என்று இருந்தேன். உண்மையைச் சொன்னால் அம்மா தாங்க மாட்டாள், தன் கையாலேயே கொன்றதாக நினைத்துச் செத்துப்போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் குழாய் மூட்டையை அவிழ்த்தால் அடுத்த கேள்வி என்ன வரும்? பெட்டி ஏன் கத்தவில்லை என்று வரும். யார் வெட்டச் சொன்னது என்று வரும். என் வாயைக் கட்டிப்போட்டது அம்மாவின் உயிர் பாதி, இந்தக் கேள்வி பாதி. எந்தப் பாதி பெரிது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெட்டியைக் கழற்றித் தொலை என்று அம்மா ஆள்விட்டுச் சொன்னாள். நாங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து கழற்றிக்கொண்டு போனார். திருகாணி இருந்த நாலு ஓட்டையையும் வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போயிருந்தார்.

அம்மா மறுபடி கம்பெனிக்குப் போனாள். ஒரு வேனில் ஐந்தாறு ஊர்ப் பெண்கள் ஏறுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? இரண்டு மாதத்தில் அவரைக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. ஏற்கெனவே போட்டிருந்தவர்கள்கூட வேறு ஆளை வைத்துப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். அவர் விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் கூலிக்கு மோட்டார் பார்க்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடம் மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது.

போன வருஷம் காரியாபட்டியிலிருந்து ஓர் அம்மாளும் அவர் கணவரும் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். சித்தப்பாவின் மகளைத் தங்கள் பையனுக்குப் பேசியிருக்கிறார்களாம். குடும்பம் எப்படி என்று நாலு வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் பூ வைப்பார்கள். யாரோ எங்கள் வீட்டைக் கை காட்டிவிட்டார்கள், அவரோடு பழகினவர்கள் என்று.

"அந்த வீட்டுலயா சம்பந்தம் பண்ணப் போறீக?" என்றாள் அம்மா. "என் தாலிய அறுத்தவன் வீடு அது. கை வச்ச எடமெல்லாம் வெளங்காது."

வந்த அம்மாள் காபி டம்ளரோடு நின்றிருந்த என்னைப் பார்த்தாள். "நீ படிச்ச பிள்ள. நீ சொல்லு தாயி. அப்படித்தானா?"

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். சின்ன வயசில் அவர் வண்டியின் முன்னால் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்கு வருவாள். அப்பாவின் கட்டில் ஓரத்தில் நின்று திருக்குறள் ஒப்பிப்பாள்.

"அம்மா சொல்றதுதான்" என்றேன்.

அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். சம்பந்தம் கலைந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அச்சகத்து வாட்ச்மேன் வந்து, வெளியே ஒருத்தர் உங்களைப் பார்க்க நிற்கிறார் என்றார். போய்ப் பார்த்தால் அவர். ரொம்ப இளைத்திருந்தார். வேலிக் கருவேல நிழலில் நின்றிருந்தார். இத்தனை வருஷம் கழித்துக் கேட்க வந்துவிட்டார், உண்மையைச் சொல்லு, என் மகளுக்காகச் சொல்லு என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றும் அந்த நாலு எட்டு நடப்பதற்குள் முடிவு செய்தேன். சத்தியமாக முடிவு செய்தேன்.

"இந்தப் பக்கம் ஒரு மோட்டாரு வாங்க வந்தேன் தாயி. அப்படியே ஒன்னையப் பாத்துட்டுப் போவோம்னு" என்றார். கையில் மோட்டாரும் இல்லை, ஒன்றும் இல்லை.

"மகளுக்கு எதுவும் பாத்திருக்கீகளா சித்தப்பா?" என்று கேட்டேன். ஒன்றும் தெரியாதவள் மாதிரி நான்தான் கேட்டேன்.

"பாக்கோம். அமையும்போது அமையுது" என்றார். பிறகு குரலை இறக்கி, "மதினி நல்லாருக்காகளா? அன்னைக்கு மாடியில கெடந்த சாக்காலதான் நின்னுச்சுன்னு அவுகளுக்குத் தெரியாதுல்ல?" என்றார்.

"தெரியாது."

"தெரியவே வேண்டாம். இந்த வயசுல தாங்க மாட்டாக." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நீயும் ஒண்ண மனசுல வச்சுக்கிட்டு அலையாத. அந்த ஒயர வெட்டுனது எங்கையி. வேண்டாம்னு நாந்தான் அடிச்சுச் சொல்லியிருக்கணும். அதுல ஒனக்கு ஒண்ணும் இல்ல, என்ன?"

வெட்டச் சொன்னது நான், உங்கள் மகள் கல்யாணத்தைக் கெடுத்ததும் நான். சொல்வதற்கு இந்த இரண்டு வரிதான் இருந்தது. நான் பதில் சொல்லும்வரை அவர் ஓர் எட்டுகூட நகர மாட்டார் என்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சித்தப்பா" என்றேன்.